மாம்பழ மூச்சு

“கொலைங்க சார் இது,” என்றாள் வளர்மதி. “ஆளு சாகல, அவ்ளோதான். மத்தபடி கொலைதான்.”

துப்பறியும் நிபுணர் பாண்டுரங்கன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். ‘பாண்டுரங்கன் புலனாய்வு நிலையம், செஞ்சி’ என்று பலகை மாட்டிய நாள் முதலாக அவரைத் தேடி வந்ததெல்லாம் மாப்பிள்ளை குடிக்கிறானா, பெண்ணுக்கு வேறு இடத்தில் பேச்சு நடக்கிறதா என்கிற ரகம்தான். கொலை என்ற சொல்லை முதன்முதலாக ஒருவர் அந்த அறையில் உச்சரித்ததும், கீழே பரோட்டாக் கடையில் கொத்துகிற சத்தம்கூட அவருக்குப் பின்னணி இசையாகக் கேட்டது.

“ஆளு சாகலன்னா அது கொலை முயற்சிக்கா,” என்றாள் உதவியாளர் தனகோட்டி. “செக்ஷனே வேற.”

தனகோட்டி பனமலைக்காரி. முன்பு ஒரு டிரைவிங் ஸ்கூலில் வேலை பார்த்தவள். கிளட்சைக் கண்டாலே நடுங்கியவர்களையெல்லாம் சிரிக்கச் சிரிக்கப் பேசியே வண்டியோடு தெருவில் இறக்கிவிட்டவள். பெயரிலேயே தனம் இருப்பதால் சம்பளம் அவசியமில்லை என்பது பாண்டுரங்கனின் கருத்து. பாண்டுரங்கனோ அரசு பஸ்களில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்து விருப்ப ஓய்வு வாங்கியவர். அவர் கணக்கில் மனிதர்கள் இரண்டே வகை: டிக்கெட் எடுத்தவர்கள், எடுக்காதவர்கள். முகத்தைப் பார்த்தே எது என்று சொல்லிவிட முடியும் என்று அவர் நம்பினார். தனகோட்டிக்கு அந்த நம்பிக்கை கிடையாது.

“மொதல்லேர்ந்து சொல்லுங்கம்மா,” என்றார் அவர்.

“எம்பொண்ணு நிலா. பிளஸ் டூ படிக்குது. சின்னதுலேர்ந்தே அதுக்கு இழுப்பு.”

செஞ்சிப் பக்கம் ஆஸ்துமாவுக்கு அதுதான் பெயர். மூச்சு இழுத்து இழுத்து வாங்குவதால் இழுப்பு.

“மருந்து அடிச்சிகினு நல்லாதான் இருந்துச்சு. இந்த வருசம் மழ பொறந்ததுலேர்ந்து வாரத்துக்கு ஒருக்கா ஆஸ்பத்திரி. நேத்து ஒதடெல்லாம் நீலமா பூத்துப்போச்சு. இன்னொரு தடவ இப்படி வந்தா மருந்துக்கு அடங்குமான்னு சொல்ல முடியாதுன்னுட்டாங்க டாக்டரம்மா.” வளர்மதியின் குரல் அங்கே உடைந்தது. சத்துணவுக் கூடத்தில் சமையல்காரி. அண்டாவைத் தனியாளாக இறக்கி வைக்கிறவள். அழுவது அவளுக்கே பிடிக்கவில்லை. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு கோபத்துக்குத் திரும்பினாள். “எல்லாம் அந்த மருந்துக் கட பீமாராவ் வேலைங்க. டூப்ளிகேட் மருந்து விக்கறான். முன்னெல்லாம் அந்த நீல இன்ஹேலர அடிச்சா ஒடனே நிக்கும். இப்ப எத்தினி அடிச்சாலும் கேக்கறதில்ல. காலையில அவங் கட வாசல்ல மண்ண வாரித் தூத்திட்டுதான் நேரா இங்க வரேன்.”

“பீமாராவ் மருந்தத் தவிர வேற மருந்து ஏதாவது பொண்ணுக்குக் குடுக்கறீங்களா?”

“மருந்துன்னா அந்தாளுகிட்ட வாங்கறதுதாங்க. மாரியாத்தா மேல சத்தியம். நாளைக்குப் பொண்ண வீட்டுக்கு அனுப்பறாங்க. அதுக்குள்ள அவனக் கையும் களவுமா புடிச்சிக் குடுங்க. இல்லன்னா மறுபடியும் அதே விஷந்தான் அது நெஞ்சுக்குள்ள போகும்.”

பாண்டுரங்கன் வழக்கை ஏற்றுக்கொண்டார். கீழே இறங்கும்போது தனகோட்டி கிசுகிசுத்தாள்: “சார், நமக்கு வந்த மொத கொல இது. பொண்ணு பொழைக்கணும்னு வேண்டிக்கறேன். நீங்களும் வேண்டிக்குங்க, தொழிலப் பாக்காதீங்க.”

ஆஸ்பத்திரியில் நிலா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஒல்லியான பெண். மூச்சு ஓரளவு அடங்கியிருந்தது, கைதான் அடங்கவில்லை. போர்வை நுனியைத் திரித்துக்கொண்டே இருந்தாள். இளவயது டாக்டரம்மா பாண்டுரங்கனை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

“நீங்க போலீஸா?”

“அதுக்கும் மேல,” என்றார் பாண்டுரங்கன்.

“எங்க ஆபீஸ் ரூமு மாடியில இருக்குதுங்க டாக்டர். அத சொல்றாரு,” என்றாள் தனகோட்டி.

“யாரா இருந்தாலும் சரி. எனக்கு இந்த அம்மாவைப் புரியலை. பொண்ணைப் பார்த்தா வேப் அடிக்கிற மாதிரி தெரிஞ்சுது. நேத்து அம்மாகிட்ட நேராவே கேட்டேன், உங்க பொண்ணு வேப் அடிக்குதான்னு. ‘ஆமாங்க, நான்தான் அடிச்சேன்’னு சொல்றாங்க. முகத்துல ஒரு கூச்சம்கூட இல்லை.”

பாண்டுரங்கனுக்கு வேப் என்றால் என்னவென்று தெரியாது. தெரியாததைக் காட்டிக்கொள்வது தொழிலுக்கு அழகல்ல என்பதால் வளர்மதியைக் கைகாட்டி அழைத்தார். “ஏம்மா, வேப் அடிச்சீங்களா?”

“அடிச்சேங்க. எங்க தெரு மாரியாத்தா கோயில்ல. காத்து கருப்பு ஏதாச்சும் அண்டியிருந்தா போகட்டும்னு பூசாரிகிட்ட கூட்டினு போயி ரெண்டு கொத்து வேப்பில அடிச்சேன். அதுல தப்பு இன்னா?”

டாக்டரம்மா நெற்றியில் கை வைத்துக்கொண்டார். “வேப்பிலை இல்லைம்மா. வேப். சிகரெட் மாதிரி ஒண்ணு.”

“சிகரெட்டா?” வளர்மதிக்கு ஆவேசம் வந்துவிட்டது. “எங்கூட்ல ஆம்பளயே தொடமாட்டாரு. வயசுப் பொண்ணப் பாத்து சிகரெட்டுன்னு கேக்கறீங்களே, நாலு பேரு காதுல உழுந்தா இன்னாத்துக்கு ஆவும்? நீங்க அந்த பீமாராவ மட்டும் கவனிங்க சார். எனக்கு சாம்பாருக்கு நேரமாவுது. புள்ளைங்களுக்குச் சோறு போட்டுட்டு வந்துடறேன்.” மகளின் தலையைத் தடவிவிட்டு அவள் வேகமாகப் போய்விட்டாள். அவள் தடவும்போது நிலா தன் முட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டரம்மா மற்ற இருவருக்கும் வேப் என்றால் என்னவென்று சொன்னார். பேனா மாதிரியோ பென்டிரைவ் மாதிரியோ இருக்கும். பேட்டரியில் ஓடும். வாயில் வைத்து உறிஞ்சினால் பழ வாசனையோடு ஆவி வரும். நாட்டில் விற்கவே தடை. ஆனாலும் ஒளித்து விற்கிறார்கள். “ஆஸ்துமா இருக்கிற பிள்ளைங்களுக்கு மூச்சுக்குழாய் ஏற்கெனவே வீங்கித்தான் இருக்கும். அதுல இது போனா இன்னும் சுருங்கும். அப்புறம் இன்ஹேலர் எப்படிக் கேக்கும்? முக்கால்வாசிக்கு நிக்கோட்டின் வேற சேர்த்திருப்பாங்க. இந்த வயசுல சீக்கிரமே பிடிச்சுக்கும், விடணும்னு நினைச்சாலும் விடாது. யார்கிட்ட வாங்குறான்னு கண்டுபிடிங்க. கேட்டா அவ வாயே திறக்க மாட்டேங்கறா.”

தனகோட்டி நிலாவின் பக்கத்தில் உட்கார்ந்து, துப்பட்டாவைச் சரிசெய்வது போல எடுத்து முகர்ந்தாள். “மாம்பழ வாசன வருதே நிலா. கார்த்திக மழையில ஒனக்கு மட்டும் எந்த மரத்துல காய்க்குது?”

“சென்ட்டுக்கா.”

“சென்ட்டு கழுத்துல அடிப்பாங்க கண்ணு. இது வாயத் தொடைக்கற நுனியில மட்டும் அடிக்குது.”

நிலா துப்பட்டாவை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

“யார்கிட்ட வாங்கின?” என்று பாண்டுரங்கன் கேட்டார்.

நிலா அவரை நேராகப் பார்த்தாள். “நான் யார்கிட்டயும் வாங்கல.”

அந்தப் பார்வை பாண்டுரங்கனைக் குழப்பியது. டிக்கெட் எடுக்காதவன் இன்ஸ்பெக்டரைப் பார்க்க மாட்டான். ஜன்னலுக்கு வெளியே பச்சை வயலை ரசிப்பான். இவள் தயங்காமல் பார்க்கிறாள். டிக்கெட் எடுத்த முகம். பெற்ற தாயைத்தான் அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

“சரி, வாங்கல. குடுத்தது யாரு? அந்தப் பையன் பேரு இன்னா?” என்றாள் தனகோட்டி.

நிலாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலாகி, இருமல் இழுப்பாகி, நர்ஸ் ஓடிவந்து அடங்க வைக்க வேண்டியதாயிற்று. மூச்சு திரும்பியதும் அவள் மெதுவாகச் சொன்னாள்: “பையன்லாம் இல்லக்கா. கேக்காதீங்க. சொன்னா அவங்க தாங்கமாட்டாங்க.”

வெளியே தூறலில் ஸ்கூட்டரை எடுக்கும்போது பாண்டுரங்கன் மீசையைத் தடவினார். “கவனிச்சியா? ‘அவங்க’ன்னுச்சு. கூடப் படிக்கிற பையனா இருந்தா ‘அவன்’னு சொல்லியிருக்கும். வயசுல பெரியவங்க. மரியாதைப்பட்டவங்க.”

“டியூஷன் சாரா இருக்குமோ?”

“இருக்கலாம். முதல்ல பீமாராவைப் பார்ப்போம். வாசனை மாம்பழம். மருந்துல மாம்பழம் இருக்கான்னு தெரியணும்.”

பீமாராவ் தம் கடை வாசலில் மண்ணைப் பெருக்கிக்கொண்டிருந்தார். மூன்று தலைமுறையாகச் செஞ்சி பஜாரில் இருக்கிற குடும்பம். மண் வாரித் தூற்றப்பட்டது இதுதான் முதல் தடவை.

“வாங்க சார். வயித்துவலிக்கு வெச்சிருக்கேன், தலவலிக்கு வெச்சிருக்கேன். சாபத்துக்குதான் கடையில சரக்கு இல்ல,” என்றார். அலமாரியிலிருந்து நீல இன்ஹேலர் ஒன்றை எடுத்துக் குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, தாமே வாயில் வைத்து அழுத்தி உள்ளே இழுத்தார். கொஞ்சம் பொறுத்து மூச்சை விட்டார். “எனக்கும் இழுப்புதான் சார். அந்தம்மாவுக்குக் குடுக்கற அதே பெட்டியிலதான் நானும் எடுக்கறேன். டூப்ளிகேட்னா மொதல்ல போறவன் நான்.”

தனகோட்டி அவர் வாய்க்கு அருகே மூக்கை நீட்டினாள். “மாம்பழம் இல்ல சார். காலையில சாப்ட வெங்காயம்தான்.”

“அப்புறம் ஏன் அந்தப் பொண்ணுக்குக் கேக்கலை?” என்றார் பாண்டுரங்கன்.

“அது எனக்கே புரியல சார். நீல மருந்து அவசரத்துக்கு. தெனமும் இழுக்கறதுக்கு இன்னொண்ணு இருக்குது, நோய் வராம தடுக்கறது. அத வாங்கறதையே நிறுத்திட்டாங்க. கேட்டா, ‘அதான் வீட்ல மெஷின் இருக்குதே, தெனம் சாயங்காலம் புடிக்கறோமே’ன்னாங்க.”

“எந்த மெஷின்?”

“ஆவி புடிக்கற மெஷின் சார். மருந்த ஊத்தி ஆன் பண்ணா ஆவியா வரும். நான்தான் வித்தேன். ஆனா அதுல ஊத்தற மருந்தும் ஆடி மாசத்தோட நின்னுபோச்சு. மருந்து ஊத்தாம வெறும் மெஷின்ல இன்னாத்த இழுக்கறாங்களோ.”

பாண்டுரங்கனின் மீசை துடித்தது. “ஆடி மாசம் என்ன ஆச்சு?”

“மெஷினோட சார்ஜர் கருகிப்போச்சுன்னு எடுத்தாந்தாங்க. கம்பெனிலேர்ந்து வரவழைக்கணும், நாளாகும்னேன். பஸ் ஸ்டாண்டுகிட்ட செல்போன் ரிப்பேர் கடையில காட்டறேன்னு போயிட்டாங்க.”

ஸ்கூட்டரில் ஏறியதும் பாண்டுரங்கன் வழக்கை முடித்தே விட்டார். “சார்ஜரை ரிப்பேருக்குக் குடுத்தாங்க. திரும்ப வாங்க நிலாவை அனுப்பியிருக்காங்க. கடைக்காரன் நல்லா பேசி வலை விரிச்சிட்டான். மரியாதைக்கு ‘அவங்க’. முடிஞ்சுது.”

“முடிஞ்சுதுன்னு சொல்லாதீங்க சார். போன தடவ நீங்க முடிஞ்சுதுன்னு சொன்ன மாப்பிள்ளைக்கு இப்பதான் மூணாவது கொழந்த பொறந்துருக்குது.”

வீரமணி மொபைல்ஸ் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒடுக்கமான கடை. செல்போன் உறைகள் தோரணமாகத் தொங்கின. பாண்டுரங்கன் எதிரே டீக்கடையில் நின்றுகொண்டு தனகோட்டியை அனுப்பினார்.

“தம்பி, வேப் இருக்குதா?”

கல்லாவில் இருந்த வீரமணி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “வேப்பெண்ணெயா? நாட்டு மருந்துக் கடைக்குப் போங்கக்கா.”

தனகோட்டி திரும்பி வந்து டீயை வாங்கிக் குடித்தாள். “உஷாரான பையன் சார். செஞ்சியில எவனுக்குமே வேப் தெரியாது போல.”

அப்போது கல்லூரிப் பை மாட்டிய ஒருவன் கடைக்குப் போனான். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, “அண்ணே, இழுப்பு ஒண்ணு,” என்றான். வீரமணி செல்போனுக்கு ஒட்டுகிற கண்ணாடிகள் இருந்த பெட்டிக்குள் கையைவிட்டுப் பளபளவென்று எதையோ எடுத்து நீட்டினான்.

“பாவம் சார். அவனுக்கும் ஆஸ்துமா போல,” என்றாள் தனகோட்டி.

“எங்கே? குதிரை மாதிரி மூச்சு விடறான்.” பாண்டுரங்கன் டீ கிளாஸைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது. “தனகோட்டி, பீடி குடிக்கிறவன் பக்கத்துல இருக்கறவன்கிட்ட எப்படிக் கேப்பான்?”

“ஒரு இழுப்பு குடுடான்னு.” சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. “அட. அதுவும் இழுப்புதான்.”

“தடை பண்ண சரக்கு. பேர் சொல்லி விக்க முடியாது. இழுப்புன்னு விக்கறான். போ, அதைச் சொல்லிக் கேளு.”

இந்தத் தடவை வீரமணி எழுந்தே நின்றான். “மொதல்லயே இப்படிக் கேக்கறதுக்கு இன்னாக்கா? எந்த ஃப்ளேவர்?”

“எனக்கு இல்லப்பா. தங்கச்சிக்கு. படிக்கற பொண்ணு. குடுக்கலாமா?”

“அட, நீங்க தங்கச்சிக்குத்தானே கேக்கறீங்க. பெத்த பொண்ணுக்கே வாங்கற அம்மா இருக்காங்க இந்த ஊர்ல. அவங்கள மாதிரி முன்னேறுன அம்மாவ நான் சென்னையிலகூட பாத்ததில்ல.” வீரமணிக்கு அந்தக் கதையைச் சொல்வதில் உண்மையான ஆனந்தம் இருந்தது. “ஆடி மாசம் கருகிப்போன சார்ஜர் ஒண்ண எடுத்துகினு வந்தாங்க. ‘தம்பி, எம்பொண்ணுக்கு இழுப்பு. மெஷினு வேல செய்யல. ஒங்ககிட்ட இழுப்புக்கு மெஷின் ஏதாச்சும் இருக்குதா’ன்னாங்க. நான் ஆடிப்போயிட்டேன். இருக்குதுன்னேன். ஆவி நல்லா வருமான்னு கேட்டாங்க. பழச விட ஜாஸ்தியா வரும்னேன். ஃப்ளேவர் கேட்டதுக்கு, அதுல ஃப்ளேவர்லாம் வந்துடுச்சா, அதுக்கு மாம்பழம்னா உசுராச்சேன்னு அப்படி ஒரு சந்தோஷம்.”

பாண்டுரங்கன் அதற்குள் டீக்கடையிலிருந்து கடை வாசலுக்கு வந்துவிட்டிருந்தார். மருந்து ஏதாவது குடுக்கறீங்களா என்றுதான் காலையில் கேட்டார். மெஷின் குடுக்கறீங்களா என்று கேட்கவில்லையே. அந்த அம்மா சத்தியம் செய்தது முழுக்க உண்மை. அவங்க தாங்கமாட்டாங்க என்று நிலா சொன்னதும் உண்மை.

“அந்தம்மா திரும்ப எப்ப வந்தாங்க?” என்றார்.

“தீரத் தீர வருவாங்க சார். இன்னிக்கு இந்தக்கா வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் வந்தாங்க, பள்ளிக்கூடத்துலேர்ந்து நேரா. பழசு தீந்துபோச்சாம். பொண்ணு ஆஸ்பத்திரியில இருக்குது, கையோட கொண்டுபோயி குடுக்கணும்னு வாங்கினாங்க. இன்னா பாசம் பாருங்க.”

“ஆஸ்பத்திரியில இருக்குதுன்னு சொல்லியுமா குடுத்த?” என்றாள் தனகோட்டி. அவள் குரலில் இப்போது கிண்டல் இல்லை. வெளியே வந்து ஒரே இழுப்பில் ஷட்டரை இழுத்து, அதில் சாவியோடு தொங்கிய பூட்டைப் போட்டுச் சாவியைப் பாண்டுரங்கன் பையில் போட்டாள். உள்ளே வீரமணி தடதடவென்று தட்டினான். “போலீஸ் வர்ற வரைக்கும் மூச்ச இழுத்து வுட்டுகினு உக்காரு,” என்று அவனிடம் சொல்லிவிட்டு, டீக்கடைக்காரரைக் காவலுக்கு வைத்துவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினாள்.

பின்சீட்டிலிருந்து பாண்டுரங்கன் ஸ்டேஷனுக்குப் போன் செய்தார். பிறகு வளர்மதிக்குச் செய்தார். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை.

“டாக்டரம்மா நம்பர வாங்கினீங்களா சார்?”

“இல்லை.”

“கோட்டைய புடிக்க வந்தவன் ஏணிய வீட்ல வெச்சிட்டு வந்தானாம்.”

பஸ் நிலைய முனையில் மேல்சித்தாமூர் பஸ் ஒன்று ரிவர்ஸில் வந்துகொண்டிருந்தது. தெருவே அடைபட்டது. ஹாரன் அடித்துப் பார்த்தாள்; டிரைவர் மசியவில்லை. பாண்டுரங்கன் இரண்டு விரலை வாயில் வைத்து நீளமாக ஒரு விசில் கொடுத்தார். வருஷக்கணக்கில் விசிலுக்கே பழகிய டிரைவரின் கால் தானாக பிரேக்கை மிதித்தது. பஸ் நின்றது. டிரைவர் எட்டிப் பார்த்து, பழைய செக்கிங் இன்ஸ்பெக்டரின் முகத்தைக் கண்டதும் பயந்துபோய்த் தன் கண்டக்டரைத் தேடினார். கிடைத்த சந்தில் ஸ்கூட்டர் புகுந்தது.

வார்டில் வளர்மதி மகளின் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் டிபன் கேரியர். கையில் மஞ்சள் நிறத்தில், விரல் நீளத்துக்கு, பொம்மை போல ஒன்று. அதை நிலாவின் வாயருகே பிடித்துக்கொண்டிருந்தாள்.

“இழு கண்ணு. நர்ஸம்மா வந்தா திட்டப்போறாங்க. ஒரு தடவ இழுத்துடு, நெஞ்சு லேசாயிடும்.”

நிலா உதட்டை இறுக மூடியிருந்தாள். கண்ணிலிருந்து நீர் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் பார்வை அந்த மஞ்சளை விட்டு நகரவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக உதடு திறந்தது.

“நிறுத்துங்கம்மா,” என்றார் பாண்டுரங்கன்.

வளர்மதி திரும்பினாள். “அந்த பீமாராவ் மாட்டினானா சார்?”

எத்தனையோ பேரிடம் கூசாமல் டிக்கெட் கேட்ட மனுஷன், இந்தத் தாயிடம் அதைச் சொல்ல வாய் வராமல் நின்றார். கண்டுபிடித்ததற்காக வருத்தப்பட்டது அவர் வாழ்க்கையில் அன்றுதான். கடைசியில் தனகோட்டிதான் கட்டிலில் உட்கார்ந்து, வளர்மதியின் தோளில் கை வைத்து, ஒவ்வொன்றாகச் சொன்னாள். வீரமணி எதை இழுப்பு என்று விற்கிறான், டாக்டரம்மா கேட்ட வேப் எது, இரண்டும் ஒன்றுதான் என்பதை.

“இன்னா பேசற நீ?” என்றாள் வளர்மதி. “இது ஆவி மெஷினு. பழைய மெஷின்லயும் இதே மாதிரிதான் ஆவி வரும். பாரு.” யாரும் தடுப்பதற்குள் அதைத் தன் வாயில் வைத்து நன்றாக இழுத்தாள்.

மறு நொடி இருமல் பிடித்துக்கொண்டது. மூக்கிலும் வாயிலும் வெள்ளையாகப் புகை வந்தது. வார்டு முழுக்கக் கோடைகாலத் தோப்பு மாதிரி மணத்தது. எதிர்க் கட்டிலில் படுத்திருந்த அம்மாள் எழுந்து உட்கார்ந்து, “யாருக்கு மாம்பழம் வந்துருக்குது? இங்க ஒரு துண்டு குடுங்க,” என்றாள்.

வளர்மதி இருமி முடித்தபோது கண் சிவந்திருந்தது. கையிலிருந்ததை வெறித்துப் பார்த்தாள். “அந்த டாக்டரம்மா கேட்டாங்களே. நான்தான் அடிச்சேன்னு சொன்னேனே. வேப்பிலன்னு நெனச்சில்ல சொன்னேன். நெசத்ததான் சொல்லியிருக்கேன். எம்புள்ள நெஞ்ச நானே எரிச்சிருக்கேன்.”

எதிர்க் கட்டில் அம்மாள் மெல்லப் படுத்துக்கொண்டாள்.

“ஒனக்குத் தெரியுமாடி?” என்றாள் மகளிடம்.

“நீ வாங்கியாந்த அன்னிக்கே தெரியும்மா. ஸ்கூல்ல பாத்துருக்கேன்.”

“பின்ன ஏன்டி சொல்லல?”

“நீ எவ்ளோ சந்தோஷமா வந்த. இனிமே எம்பொண்ணுக்கு இழுப்பே வராதுன்னு தெருவெல்லாம் சொன்ன. தெனம் சாயங்காலம் பக்கத்துல உக்காந்துகினு, இழு கண்ணு, இழு கண்ணுன்னு சொல்லுவ. ரெண்டு நாளு போகட்டும், சொல்லலாம்னு இருந்தேன்.” நிலா மூச்சு வாங்கினாள். “அப்புறம் எனக்கே அது வேணும்னு ஆயிப்போச்சும்மா. நீ வேலைக்குப் போனப்புறம்கூட எடுப்பேன். மூச்சு முட்டும், அப்பவும் எடுப்பேன். இப்பகூட ஒன் மூஞ்சிய பாக்கல. ஒன் கையில இருக்கறததான் பாத்துகினு பேசறேன்.”

வளர்மதி அந்த மஞ்சள் பொருளைப் பாண்டுரங்கனிடம் நீட்டினாள். போலீசுக்கு ஆதாரமாயிற்றே என்று அவர் கைக்குட்டையில் வாங்கிச் சட்டைப்பைக்குள் போட்டுப் பட்டனையும் மாட்டினார்.

செய்தி கேட்டு வந்த டாக்டரம்மாவுக்குக் கோபம் முந்திக்கொண்டு வந்தது. வளர்மதியின் முகத்தைப் பார்த்ததும் தணிந்தது. “இப்பவாவது தெரிஞ்சுதே. புகை நின்னு, தினசரி மருந்தை ஒழுங்கா எடுத்தா மூச்சு பழையபடி வரும்மா. நானும் கூடவே இருந்து பாக்கறேன். ஆனா கொஞ்ச நாளைக்கு உடம்பு அதைக் கேட்டுக்கிட்டே இருக்கும். எரிச்சல் வரும், தூக்கம் வராது. அந்த மாதிரி நேரத்துல பக்கத்துல ஒரு ஆள் வேணும். திட்டாத ஆளா இருக்கணும்.”

“திட்டாத ஆளுக்கு எங்க போவாங்க, பாவம்,” என்றாள் தனகோட்டி மெதுவாக. வளர்மதிக்கு அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது.

“பீமாராவ் மூஞ்சில நான் எப்படிம்மா முழிப்பேன்?” என்று அவளிடமே கேட்டாள்.

“அந்த தெனசரி மருந்த வாங்கப் போங்கக்கா, அதுவே போதும். திட்டினாருன்னா வாங்கிக்குங்க. அதுக்குக் காசு இல்ல.”

வளர்மதி டிபன் கேரியரைக் கீழே இறக்கி வைத்துவிட்டு மகளுக்கு நெருக்கமாக உட்கார்ந்தாள். நிலாவின் விரல்கள் இன்னும் போர்வை நுனியைத் திரித்துக்கொண்டிருந்தன. வளர்மதி போர்வையை விலக்கி, அண்டா பிடித்துக் காய்த்துப்போன தன் கையை அந்த விரல்களுக்குள் வைத்தாள்.

“இழுக்கணும்னு தோணுச்சின்னா இத புடிச்சி இழு. நான் அடுப்படியில இருந்தாலும் இழு, தூங்கினு இருந்தாலும் இழு. ஒரு வார்த்த திட்டமாட்டேன்.”

சொல்லி வாய் மூடவில்லை, நிலா இழுத்தாள்.